இங்கிலீஷ் கணக்கு வார்த்தைகளை ஃப்ரெஞ்சுக்கு கொண்டு போறது எப்படி: நடுவுல தமிழை வச்சு ஒரு முழு வழிகாட்டி

கொடைக்கானல் மூஞ்சிக்கல்ல வீட்டு மாடியில டியூஷன் எடுக்கறவன் நான், கணக்கும் ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கு ஃப்ரெஞ்சும். அக்கா வீட்டுக்காரருக்கு பாரீஸ் பக்கம் வேலை அமைஞ்சு, ஏழாப்பு முடிச்ச அக்கா மகனையும் கூட்டிட்டு கிளம்புனாங்க. கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி "டேய், அவனுக்கு அங்க கணக்குப் பாடமாவது புரியுற மாதிரி ஒரு லிஸ்ட் போட்டுக் குடுடா"ன்னு அக்கா கேட்டா, நானும் அவன் இங்கிலீஷ் மீடியம் புக்ல இருந்து 200 வார்த்தை எடுத்து போன் ஆப்ல ஒவ்வொண்ணா போட்டு வந்ததை அப்படியே நோட்டுல எழுதிக் குடுத்துட்டேன். அங்க தான் தப்பு பண்ணேன்.

செப்டம்பர்ல ஸ்கூல் தொறந்து முதல் வாரமே ராத்திரி வீடியோ கால்ல வந்துட்டான் (அப்ப நமக்கும் அவங்களுக்கும் மூணரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்துல நாலரை). "மாமா, நீங்க குடுத்த லிஸ்ட்ல ஆட் நம்பர்க்கு விசித்திரமான எண்னு இருக்கு, ஈவனுக்கு 'கூட'ன்னு இருக்கு, ஸ்கேல் போடற ரூலருக்கு ராஜான்னு இருக்கு, கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க." ஆப் மேல கோவப்பட்டு என்ன பண்றது, ஒத்தை வார்த்தையா குடுத்தா அதுக்கு என்ன தெரியும், இங்கிலீஷ்ல ரூலர்னா ஆளறவனும்தான்.

அதுக்கப்புறம் அந்த லிஸ்டை கிழிச்சுப் போட்டுட்டு ரெண்டு பேரும் சேந்து புதுசா போட்டோம். அந்த முறையைத்தான் இங்க எழுதறேன். ஃப்ரெஞ்சு வார்த்தைகளோட சத்தத்தை மட்டும் தமிழ்ல தரேன், எழுத்துக்கூட்டல டிக்ஷனரில பாத்து நீங்களே கையால எழுதுங்க, கையால எழுதினாத்தான் நிக்கும்.

படி 1: யாருக்கு, எந்த ஊருக்குன்னு முதல்ல கேளுங்க

ஃப்ரெஞ்சு ஒண்ணுதான்னு நினைக்காதீங்க. பிரான்ஸ்ல 70க்கு "சுவாசாந்த் தீஸ்", அதாவது அறுபதும் பத்தும். பெல்ஜியத்துலயும் சுவிட்சர்லாந்துலயும் "செப்தாந்த்"னு நேரா எழுபது. 90ம் அப்படித்தான், அங்க "நொனாந்த்", பிரான்ஸ்ல "காத்ர் வான் தீஸ்", நாலு இருபதும் ஒரு பத்தும். 97னா நாலு இருபது, பத்து, ஏழு, வாய்க்குள்ளயே ஒரு கூட்டல் கணக்கு ஓடும். பையன் இதைக் கேட்டுட்டு "லூசா மாமா இவங்க"ன்னான். நான் சொன்னேன், டேய் நம்ம தொண்ணூறுல நூறு எதுக்கு ஒளிஞ்சிருக்கு, தொள்ளாயிரத்துல ஆயிரம் எதுக்கு இருக்கு, அதுக்கு முதல்ல பதில் சொல்லு.

வகுப்பு பேரும் கவனிக்கணும். நாம ஆறு, ஏழு, எட்டுன்னு ஏறுவோம், அவங்க இறங்குவாங்க. நம்ம ஆறாப்பு அவங்களுக்கு ஆறாவதுதான், ஆனா ஏழாப்பு ஐஞ்சாவது, எட்டாப்பு நாலாவது, ஒம்போதாப்பு மூணாவது, பத்தாப்பு "செகோந்த்", ப்ளஸ் ஒன் "ப்ரெமியேர்", ப்ளஸ் டூ "தெர்மினால்". ஆறாப்புல இருந்து ஒம்போதாப்பு வரைக்கும் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பேரு "கொலேஜ்". அக்கா எங்கம்மாட்ட போன்ல "எட்டாப்பு படிக்கிறவன காலேஜ்ல போட்டுட்டாங்கம்மா"ன்னு சொல்ல, அம்மா அதை தெரு பூரா சொல்லிட்டாங்க.

படி 2: வார்த்தைய எடுக்காதீங்க, வாக்கியத்தை எடுங்க

"பவர்"னு எழுதாதீங்க, "டூ டு த பவர் ஆஃப் த்ரீ"ன்னு முழுசா எழுதுங்க. முன்னதுக்கு "புவுவார்"னு வரும், அது அதிகாரம். கணக்குல வர்றது "ப்விசான்ஸ்". "ப்ரைம்"னு மட்டும் இருந்தா அந்த எழுத்து ஃப்ரெஞ்சுலயும் அப்படியே உண்டு, ஆனா அர்த்தம் போனஸ் பணம். பகா எண்ணுக்கு "நோம்ப்ர் ப்ரெமியே"ன்னு சொல்லணும்.

ஜியாமெட்ரி பாக்ஸ் ஒரு தனி கூத்து. அதுல இருக்கற காம்பஸ் "கோம்பா". ஆனா ஆப் குடுத்தது "பூசோல்", அது வடக்கு தெற்கு காட்டற திசைகாட்டி. மூலைமட்டம் "ஏக்கேர்". கோணமானிக்கு "ராப்போர்தேர்"னு பேரு, அதே வார்த்தைய டீச்சர்ட்ட போட்டுக் குடுக்கற பையனுக்கும் சொல்வாங்களாம், இது ஒண்ணை மட்டும் அவன் ஒரே நாள்ல மனப்பாடம் பண்ணிட்டான்.

படி 3: பக்கத்துல தமிழ் எழுதுங்க (இதுதான் முக்கியமான படி)

இங்கிலீஷ்ல படிச்ச பிள்ளைங்களுக்கு வார்த்தை தெரியும், அது என்னன்னு சொல்லத் தெரியாது. அர்த்தம் தெரியாம ஃப்ரெஞ்சுக்குப் போனா சத்தத்தைப் பிடிச்சுட்டுத்தான் போவீங்க. நம்ம தமிழ் மீடியம் பாடப்புத்தக வார்த்தைகள் பாதிக்கு மேல அர்த்தத்தை வெளிய காட்டிட்டே நிக்கும். அரசாங்க பாடப்புத்தகம் ரெண்டு மீடியமும் பிடிஎஃப்பா இலவசமா கிடைக்குது, ஒரே பாடத்தை ரெண்டு விண்டோல தொறந்து பக்கத்துல பக்கத்துல வச்சுக்கோங்க. நோட்டுல மூணு பத்தி போடுங்க: இங்கிலீஷ், தமிழ், ஃப்ரெஞ்சு. நடு பத்தி நிரம்பாம மூணாவது பத்தில கை வைக்கக் கூடாது, இதுதான் எங்க ரூல்.

ஒரு உதாரணத்தை நிதானமா பாப்போம். ரைட் ட்ரயாங்கிள். இங்கிலீஷ்ல இருந்து நேரா போனா ரைட்டுக்கு "த்ருவா"ன்னு போட்டு "த்ரியாங்ல் த்ருவா"ன்னு சொல்வீங்க, இவனும் அதைத்தான் சொல்லியிருக்கான். சரியான வார்த்தை "த்ரியாங்ல் ரெக்தாங்ல்". கேட்டதும் "அதெப்படி மாமா, முக்கோணம் எப்படி ரெக்டாங்கிள் ஆகும்"னு கேட்டான். நடு பத்தியப் பாருடான்னேன். செங்கோண முக்கோணம். செவ்வகம். ரெண்டுலயும் முன்னாடி நிக்கறது அதே செம்மைதான், நேரா நிமிந்து நிக்கறது. செவ்வகத்தை மூலைவிட்டத்துல வெட்டினா கிடைக்கறது ரெண்டு செங்கோண முக்கோணம். தமிழ் ரெண்டுக்கும் ஒரே வேரைக் குடுத்திருக்கு, ஃப்ரெஞ்சு ஒரே வார்த்தையவே குடுத்திருக்கு, இங்கிலீஷ்தான் ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்கு. அங்க எட்டாப்புலயே பித்தாகரஸ் தேற்றம் வரும், அதனால இந்த வார்த்தை தெரியாம ஒரு வாரம் கூட ஓட்ட முடியாது.

இதே மாதிரி ஈவன் நம்பர், நடுவுல இரட்டைப்படை எண், ஃப்ரெஞ்சுல "நோம்ப்ர் பேர்". பேர்னா ஜோடி, இரட்டைன்னா ஜோடி. ஒற்றைப்படைக்கு "அம்பேர்", ஜோடி இல்லாதது. டிஜிட்டும் நம்பரும் பிள்ளைங்க குழப்பிக்கும், தமிழ்ல இலக்கம், எண்னு வச்சுப் பாத்தா "ஷிஃப்ர்", "நோம்ப்ர்" ரெண்டும் தன்னால அதுஅது இடத்துல போய் உக்காரும். லைனுக்கு "லீன்யு"ன்னு ஒரு வார்த்தை இருக்கு, ஆனா வடிவியல்ல நேர்கோடு "த்ருவாத்". மீப்பெரு பொது வகுத்தி, அவங்களுக்கு "பே ஷே சே தே", அந்த நாலெழுத்தை விரிச்சா மீப்பெரிய, பொதுவான, வகுக்கறதுன்னு சொல்லுக்கு சொல் அப்படியே வரும். மீச்சிறு பொது மடங்கும் அப்படித்தான், "பே பே சே எம்". ஸ்டாண்டர்ட் டீவியேஷன் "எக்கார் தீப்", எக்கார்னா விலகின தூரம், தமிழ்ல திட்ட விலக்கம்.

தமிழ் எப்பவும் கை குடுக்கும்னு சொல்ல மாட்டேன். காலேஜ் கணக்குல ஃபீல்டுக்கு நம்ம புக்ல களம்னு இருக்கும், ஃப்ரெஞ்சுல "கோர்", உடம்பு. ஜெர்மன்ல டெடகிண்ட்ங்கற கணக்கு மேதை வச்ச பேரும் உடம்புதான், ஃப்ரெஞ்சு அங்க இருந்து எடுத்துச்சு. வயல்னு அர்த்தம் வர்ற "ஷான்" போட்டா இயற்பியல் புலம் ஆயிடும். மத்தபடி வளையம் "அனோ", குலம் "க்ரூப்", கணம் "ஆன்சாம்ப்ல்". ஒன்றுக்கொன்று, மேற்கோர்த்தல்னு +1ல படிக்கிற சார்பு வகைகளுக்கு வர்ற இன்ஜெக்டிவ், சர்ஜெக்டிவ் ரெண்டும் ஃப்ரெஞ்சு ஆளுங்க பண்ணதுதான். 1935 வாக்குல கணக்கு ஆளுங்க கொஞ்சப் பேரு ஒண்ணு சேந்து நிக்கோலா பூர்பாக்கின்னு இல்லாத ஒருத்தர் பேர்ல புக்கு புக்கா எழுதினாங்க, அவங்க மூலமாத்தான் அது உலகம் பூரா போச்சு. அந்தக் கூட்டத்துல இருந்த ஆந்த்ரே வெய் அதுக்கு முன்னாடி 1930ல இருந்து 32 வரைக்கும் நம்ம அலிகர்ல வாத்தியாரா இருந்திருக்காரு.

படி 4: பாக்க ஒரே மாதிரி இருக்கறதை ரெண்டா பிரிங்க

1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கு அப்புறம் ஃப்ரெஞ்சு வார்த்தை மூட்டை மூட்டையா இங்கிலீஷ்ல இறங்குச்சு, அதனால நிறைய வார்த்தை ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு. ஷன்னு முடியறது "சியோன்"னு முடியும், ஃப்ராக்ஷன் "ஃப்ராக்சியோன்", ஈக்வேஷன் "எக்குவாசியோன்". சப்ட்ராக்ஷன்ல மட்டும் உஷார், "சூஸ்த்ராக்சியோன்", நடுவுல ப் கிடையாது. ட்டின்னு முடியறது "தே" ஆகும், ப்ராபபிலிட்டி "ப்ரோபாபிலித்தே". இக், இக்கல் எல்லாம் "ஈக்".

பொறி வார்த்தைகள் தனி. "லிப்ரேரி"ன்னா புத்தகக் கடை, நூலகத்துக்கு "பிப்லியோதேக்". "அக்த்யுவெல்மான்"னா உண்மையிலன்னு அர்த்தம் இல்ல, இப்போதைக்குன்னு அர்த்தம். "லொக்காசியோன்" இடம் இல்ல, வாடகை. "ரேசான்" உலராத திராட்சைப் பழம், உலர் திராட்சைக்கு கூட ஒரு வார்த்தை சேக்கணும். நம்ம ஊர்ல மே மாசம் கூடை கூடையா வர்ற ப்ளம்ஸ் இருக்கே, அது "ப்ர்யூன்". தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்துல காய்க்கிற பட்டர் ஃப்ரூட்டுக்கு "அவோகா", வக்கீலுக்கும் அதே "அவோகா". அக்கா கடையில நின்னு ரெண்டு வக்கீல் வேணும்னு கேட்டிருக்கான்னு இவன் சொல்லி ஒரு வாரம் சிரிச்சோம், ஆனா அவ கேட்டது சரிதான், கடைக்காரன் பழத்தைத்தான் குடுத்திருக்கான்.

இன்னொண்ணு, இங்கிலீஷ்ல மிஸ்ட், ஃபாக்னு எதை எங்க போடறதுன்னு நாம யோசிக்கறதே இல்ல. ஃப்ரெஞ்சு வானிலைக்காரங்க கணக்கு போட்டு வச்சிருக்காங்க, ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கறதே தெரியலன்னா "ப்ரூயார்", அதுக்கு மேல தெரிஞ்சா "ப்ர்யூம்". இந்தப் பிரிவை வச்சுப் பாத்தா எங்க ஊர் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில சாயங்காலம் நாலு மணிக்கு ஏறி வர்றது பாதி நாள் முதல் வகைதான்.

படி 5: ஆணா பெண்ணான்னு கூடவே எழுதுங்க

நமக்கு கோணமும் அதுதான் கோடும் அதுதான், அஃறிணைன்னு போயிட்டே இருப்போம். அங்க கோணம் ஆண், நேர்கோடு பெண். ஒவ்வொரு வார்த்தை முன்னாடியும் ஆணுக்கு "அன்", பெண்ணுக்கு "யூன்"னு சேத்தே எழுதிருங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா கடைசி வரைக்கும் வராது. சியோன்ல முடியறதும், ப்ரோபாபிலித்தே மாதிரி தேல முடியற கணக்கு வார்த்தைகளும் பெரும்பாலும் பெண். தெஓரேம், ப்ரொப்லேம், சிஸ்தேம் ஆண். இப்போதேஸ் (ஹைபாதிஸிஸ்) பெண்.

இந்த ஆண் பெண் எதுக்கு இவ்ளோ முக்கியம்னா, சத்தமே மாறும். நம்ம ஊர் சலேத் மாதா கோயில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேரு பிரான்ஸ்ல ஆல்ப்ஸ் மலையில 1846ல மாதா காட்சி குடுத்ததா சொல்ற ஊரோட பேரு. எழுத்துல கடைசியா ஒரு எ இருக்கு, அது வாயில வராது, ஆனா அது இருக்கறதாலதான் அதுக்கு முந்தின த் ஒலிக்குது. எ இல்லன்னா பெரும்பாலும் த் செத்துரும். நம்ம பாட்டிங்க ஃப்ரெஞ்சு படிக்காமயே சலேத்னு சரியா சொல்லிட்டிருக்காங்க. இப்ப இதையே கணக்குக்கு கொண்டு வாங்க. "த்ருவா"ன்னா செங்குத்தான, "ஆங்ல் த்ருவா" செங்கோணம். "த்ருவாத்"னு ஒரு த் சேந்தா பெண், நேர்கோடு. ஒரு த்ல செங்கோணம் நேர்கோடா மாறிடும், டிக்டேஷன்ல மார்க் போறது இங்கதான்.

படி 6: எண் எழுதற முறைய மாத்துங்க

இதை மொழிபெயர்ப்புன்னே யாரும் நினைக்கறதில்ல, ஆனா அதிகமா சேதாரம் ஆகறது இதுலதான். நாம புள்ளி வைக்கற இடத்துல அவங்க கமா வைப்பாங்க, 3.14 அவங்களுக்கு 3,14. ஆயிரத்துக்கு கமா கிடையாது, சின்ன இடைவெளி விடுவாங்க, நம்ம 1,50,000 அங்க 150 000. பையன் ஊரைப் பத்தி எழுதச் சொன்ன கட்டுரையில கொடைக்கானல் உயரம் 2,133 மீட்டர்னு எழுதியிருக்கான். ஃப்ரெஞ்சுக்காரன் படிச்சா ரெண்டு மீட்டர் சொச்சம். ஏழாயிரம் அடி மலைய ஒரு ஆள் உயரத்துக்கு இறக்கிட்டான்.

பில்லியன் இன்னும் மோசம். இங்கிலீஷ் பில்லியன் நம்ம கணக்குல 100 கோடி, அதுக்கு ஃப்ரெஞ்சுல "மில்யார்". ஃப்ரெஞ்சு "பில்யோன்" ஒரு லட்சம் கோடி, அதாவது இங்கிலீஷ் ட்ரில்லியன். நியூஸ் மொழிபெயர்க்கறவங்களுக்கு ஆயிரம் மடங்கு தப்பு வர்ற இடம். கோடிக்கு மாத்தி, கோடியில இருந்து ஃப்ரெஞ்சுக்கு போனா தப்பாது.

படி 7: பேரு ஒண்ணு, எல்லை வேறன்னு இருக்கறது

டிக்ஷனரி காட்டிக் குடுக்காத வகை இது. இங்கிலீஷ்ல பாசிட்டிவ்னா பூஜ்யம் சேராது. ஃப்ரெஞ்சு "போசித்தீஃப்"ல பூஜ்யம் சேரும், அவங்களுக்கு பூஜ்யம் மிகையும்தான் குறையும்தான். பூஜ்யம் வேண்டாம்னா "ஸ்த்ரிக்தமான்"னு முன்னாடி ஒட்டணும். நம்ம இயல் எண் 1ல தொடங்கும், ஆனா "ஆந்தியே நாத்யூரெல்" 0ல தொடங்கும், அதனால பேரைப் பாத்து இயல் எண்னு எழுதாதீங்க, அது நம்ம முழு எண். நம்ம முழுக்களுக்கு "ஆந்தியே ரெலாத்தீஃப்".

ஏறுமுகமா போற சார்புக்கு "க்ரோசாந்த்". ஆமா, பேக்கரில விக்கிற க்ரோசான் அதே வார்த்தைதான், வளர்றதுன்னு அர்த்தம், வளர்பிறை மாதிரி வளைஞ்சிருக்கறதால பன்னுக்கு அந்தப் பேரு. இதுலயும் நடுவுல சார்பு கொஞ்ச தூரம் சமமா போனாலும் க்ரோசாந்த் தான், கண்டிப்பா ஏறியே ஆகணும்னா அதே ஸ்த்ரிக்தமான். ப்ளஸ் டூ லெவல்ல திறந்த இடைவெளிக்கு நாம வளைவு அடைப்புக்குறி போடுவோம், அவங்க சதுர அடைப்புக்குறியவே வெளிப்பக்கமா திருப்பிப் போடுவாங்க, பாத்தா அச்சுப் பிழை மாதிரி இருக்கும், பிழை இல்ல.

படி 8: சரி பாக்கறது

விக்கிப்பீடியால இங்கிலீஷ் கட்டுரைய தொறந்து மொழி பட்டியல்ல ஃப்ரெஞ்சைத் தட்டுங்க, தலைப்பு மட்டும் பாத்துட்டு வராம முதல் வரிய படிங்க, உங்க நடு பத்தி அர்த்தத்தோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. அப்புறம் கனடா அரசாங்கத்தோட டெர்மியம் ப்ளஸ்ங்கற கலைச்சொல் தளம், இலவசம், எந்தத் துறையில எந்த வார்த்தைன்னு பிரிச்சுக் காட்டும். கடைசியா, கிடைச்ச ஃப்ரெஞ்சு வார்த்தையோட "எக்சர்சீஸ்"னு சேத்து தேடுங்க, அந்த ஊர் வாத்தியாருங்க போட்ட பயிற்சித் தாள்ல அந்த வார்த்தை வரலன்னா உங்க வார்த்தை தப்புன்னு வச்சுக்கோங்க.

வார்த்தையே இல்லாத புதுப் பொருள் வந்தா என்ன பண்றதுன்னு கேக்கறவங்களுக்கு ஒரு சம்பவம். 1955ல ஐபிஎம் பிரான்ஸ்காரங்க புது மெஷினுக்கு ஃப்ரெஞ்சு பேரு வேணும்னு ஜாக் பெரேங்கற பேராசிரியர்கிட்ட கேட்டாங்க. அவரு கம்ப்யூட்டர்ங்கற சத்தத்தைத் தொடவே இல்ல, உலகத்தை ஒழுங்குபடுத்தற கடவுளுக்கு சொல்லிட்டிருந்த "ஓர்தினாத்தேர்"ங்கற பழைய வார்த்தைய எடுத்துக் குடுத்தாரு. நாம கணினின்னு பண்ணதும் அதே வேலைதான், மெஷின் என்ன செய்யுதுன்னு பாத்து வச்ச பேரு.

படி 9: வாய் விட்டுப் படிங்க

எழுத்துப் பேரு தெரியாம வடிவியல் படிக்க முடியாது. ஜி அவங்களுக்கு "ஷே", ஜே "ஷி", நேர் மாத்தி. ஒய் "இக்ரெக்", கிரேக்க இ. பெருக்கலுக்கு "ஃபுவா", தடவைன்னு அர்த்தம், ரெண்டு தடவை மூணு. வர்க்கத்துக்கு "ஓ காரே", வர்க்கமூலத்துக்கு "ராசீன் காரே". தினம் பத்து கணக்கு சத்தமா படிக்கச் சொன்னேன், அங்க படுக்கப் போற நேரம், இங்க எனக்கு நடு ராத்திரி, குளிர்ல கம்பளிய போத்திட்டு கேட்டுட்டே தூங்கிருவேன்.

மார்க் 20க்குதான் போடுவாங்க. முதல் டெஸ்ட்ல 11. அக்கா அழுதுட்டா, நூத்துக்கு பதினொண்ணுன்னு நினைச்சு.

நோட்டு இப்ப மூணாவது ஓடுது. நேத்து மெசேஜ் வந்துச்சு: "மாமா, அரோந்தீர்க்கு தமிழ்ல என்ன?" ரவுண்டு ஆஃப் பண்றது, நம்ம புக்ல முழுதாக்கல்னு இருக்குடான்னு அனுப்பினேன். மூணாவது பத்தியில இருந்து நடு பத்திக்கு வர ஆரம்பிச்சுட்டான், இங்கிலீஷ் பத்திய காலியாவே விட்டு வச்சிருக்கான்.